ப்ளஸ் டூ முடிஞ்சா பூசையும் முடிஞ்சிடுமா?

கொடுங்கையூர்ல இருந்து ஒரு கத்தோலிக்க அம்மா கேட்டிருக்காங்க. பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சுட்டா, கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் சீட்டு, ஹாஸ்டல்ல தங்கணும், இதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை பூசை தவறினதில்ல, கொயர்ல பாடற பொண்ணு, அங்க போனா எல்லாத்தையும் விட்டுடுவாளோன்னு பயமா இருக்கு, விடாம இருக்க நாங்க என்ன பண்ணனும்னு. எழுதியிருக்கறது இதுதான், ஆனா ரெண்டு தரம் படிச்சப்போ எனக்கு வேற ஒரு கேள்வி காதுல விழுந்துச்சு. இத்தன வருஷம் இவ கோயிலுக்கு வந்தது அவளுக்கே வேணும்னு வந்தாளா, இல்ல நாம காலையில எழுப்பி விட்டதால வந்தாளா, இதத்தான் அந்தம்மா தனக்குள்ளயே கேட்டுக்கறாங்கன்னு நினைக்கிறேன். அதுக்கு பதில் சொல்ற தைரியம் எனக்கு பாதிதான் இருக்கு, அந்த பாதிய சொல்றேன்.

நா யாருன்னு சொல்லிடறேன், அப்பதான் எத எடுத்துக்கணும் எத விடணும்னு நீங்க முடிவு பண்ணலாம். தண்டையார்பேட்டை பக்கம் ஒரு பங்குல (ஒரு கோயிலுக்கு கீழ வர்ற வட்டாரம்) 27 வருஷம் மறைக்கல்வி (கத்தோலிக்க பசங்களுக்கான வேதபாடம்) வாத்தியாரா இருந்தேன், அதுல கடைசி 15 வருஷம் ஒன்பதாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் இருக்கற பெரிய பசங்க. வயித்துப்பாட்டுக்கு துறைமுகத்துல வேலை, இப்ப ரிட்டயர்டு. மறைமாவட்டத்துல (ஒரு ஆயர், அதாவது பிஷப், பொறுப்புல இருக்கற பகுதி) வாத்தியாருங்களுக்கு நடத்தற பயிற்சியெல்லாம் போயிருக்கேன், ஆனா நா ஃபாதரும் இல்ல, மனோதத்துவம் படிச்சவனும் இல்ல. என் கிளாஸ்ல உக்காந்த பசங்க இன்னிக்கு எங்க இருக்காங்க, கோயிலுக்கு வராங்களா வரலையான்னு பாத்து பாத்து தெரிஞ்சிக்கிட்டதுதான் என் படிப்பு.

அடிச்சு சொல்லக்கூடிய விஷயம் ஒண்ணு இருக்கு. ஹாஸ்டலுக்கு போனதால யாரும் விடறதில்ல. விட்டது முன்னாடியே நடந்து முடிஞ்சிருக்கும், ஹாஸ்டல்ல அது வெளிய தெரியும், அவ்ளோதான். அமெரிக்காவுல கத்தோலிக்க திருச்சபைய விட்டுப்போன இளைஞர்கள வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2018ல வெளியிட்டாங்க, அதுல சரிபாதி பேரு 13 வயசுக்குள்ளயே விட்டுட்டாங்களாம். அந்த ஊரு வேற நம்ம ஊரு வேற, அங்க எனக்கு மதமே இல்லன்னு வாய்விட்டு சொல்றாங்க, இங்க யாரும் அப்படி சொல்றதில்ல, கல்யாணம் கருமாதி கிறிஸ்துமஸ்னா வந்துடுவாங்க, கழுத்துல ஜெபமாலை தொங்கும், பைக்ல மாதா ஸ்டிக்கர் இருக்கும். ஆனா அந்த 13ங்கற நம்பர பாத்தப்போ என் எட்டாங்கிளாஸ் பசங்க மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு. உடம்பு பெஞ்ச்ல இருக்கும், ஆள் இருக்கமாட்டான்.

நம்ம பக்கத்து பசங்களுக்கு இது ஏன் இப்படி ஆவுதுன்னா, பன்னெண்டு வருஷம் அவங்க விசுவாசத்த டைம்டேபிள்தான் தூக்கிட்டு வந்துச்சு. சிஸ்டருங்க நடத்தற ஸ்கூலோ ஃபாதருங்க நடத்தற ஸ்கூலோ, காலையில அசெம்பிளியில ஜெபம், மத்த பசங்க நன்னெறி கிளாஸுக்கு போவாங்க நம்ம பசங்க மறைக்கல்வி கிளாஸுக்கு போவாங்க, முதல் வெள்ளிக்கு பூசை, அக்டோபர்னா ஜெபமாலை, தவக்காலம்னா சிலுவைப்பாதை, எல்லாத்துக்கும் மணி அடிக்கும், வரிசையில நிக்கணும், போகணும். வீட்டுக்கு வந்தா அன்பிய கூட்டம் (அக்கம்பக்கத்து குடும்பங்க சேந்து ஜெபம் பண்றது), அதுக்கும் அம்மா இழுத்துட்டு போவாங்க. இதுல எந்த இடத்துலயும் அந்த புள்ள தானா ஒரு முடிவு எடுக்கவேண்டிய அவசியமே வரல. உறுதிபூசுதல்னு ஒரு திருச்சபை சடங்கு (அருட்சாதனம்) இருக்கு, இனிமே நீ பெரியவன், நீயே சாட்சியா நில்லுன்னு ஆயர் வந்து நெத்தியில எண்ணெய் பூசறாரு, எங்க பங்குல அது ஃபேர்வெல் பார்ட்டி மாதிரி ஆகிப்போச்சு, புது டிரஸ், பிரியாணி, அடுத்த ஞாயிறுல இருந்து என் கிளாஸ்ல பாதி பெஞ்ச் காலி. பதுங்குகுழி மாதிரி புள்ளைங்கள வெளி உலகத்துல இருந்து மறைச்சு வைக்கற கத்தோலிக்க ஸ்கூல பத்தி போப் பிரான்சிஸ் 2019ல இளைஞர்களுக்காக எழுதின மடல்ல கொஞ்சம் கடுமையாவே சொல்லியிருக்காரு, படிச்சுட்டு எங்க பங்குல ரெண்டு பேருக்கு கோவம், எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு, ஏன்னா நானும் அந்த குழியில ரொம்ப நாள் காவல் நின்னவன்தான்.

அதனால உங்க பொண்ணு விஷயத்துல நா முதல்ல பாக்கறது ஹாஸ்டல இல்ல, கிளம்பறதுக்கு முன்னாடி இருக்கற நாட்கள. மார்ச்ல பரிட்சை முடியுது, மே மாசம் ரிசல்ட்டு, கவுன்சிலிங் கிவுன்சிலிங்னு காலேஜ் திறக்க ஆகஸ்ட் ஆயிடும். காசிமேடு பக்கம் இருக்கற என் பசங்களுக்கு அதுல இன்னொரு வசதி, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், அப்பா வீட்ல இருப்பாரு, வலை பின்னிக்கிட்டு இருப்பாரு, வருஷத்துல அப்பாவும் புள்ளையும் ஒரே இடத்துல உக்கார்றது அப்பதான். இந்த மாசங்கள நாங்க வேஸ்ட் பண்ணிட்டு இருந்தோம், கம்ப்யூட்டர் கிளாஸுக்கு போன்னு அனுப்பிட்டு. அப்பால ஒரு வருஷம் ஒரு ஃபாதர் வந்தாரு, ப்ளஸ் டூ முடிச்ச பசங்ககிட்ட ஆளுக்கு ஒரு வேலைய குடுத்துட்டாரு, உதவி பண்ற வேலை இல்ல, முழு பொறுப்பு. ஒருத்தன்கிட்ட சவுண்ட் சிஸ்டம் சாவி. ஒருத்திகிட்ட நாலாங்கிளாஸ் மறைக்கல்வி, பாடத்த நீயே தயார் பண்ணுன்னு. ஒருத்தன் நோயாளிங்க லிஸ்ட்ட வச்சிக்கிட்டு நற்கருணை குடுக்கப்போற ஃபாதர் கூட வீடு வீடா போகணும், யாரு வீட்ல கதவு தட்டணும் யாரு வீட்ல கூப்பிடணும்னு அவனுக்குதான் தெரியும். அந்த பேட்ச்ல இருந்து போனவங்கதான் நா பாத்ததுலயே அதிகமா ஒட்டிக்கிட்டு இருக்கறவங்க. நாலாங்கிளாஸ் பசங்க கேக்கற கேள்விக்கு பதில் தேடித்தான் அந்த பொண்ணு பைபிள முதல்தரம் தானா திறந்தா, பன்னெண்டு வருஷம் நாங்க நடத்தின பாடத்துல நடக்காதது அது.

உங்க பொண்ணு கொயர்ல பாடறான்னு சொன்னீங்க, நல்ல விஷயம், ஆனா ஒரு சின்ன எச்சரிக்கை. கொயர் பசங்கள்ல நா ரெண்டு வகையும் பாத்திருக்கேன். சிலருக்கு பாட்டுதான் ஜெபம். சிலருக்கு அந்த அஞ்சாறு ஃப்ரெண்ட்ஸுதான் கோயில், கொயர் கலைஞ்சா கோயிலும் போச்சு. இவ எந்த வகைன்னு கண்டுபிடிக்க ஒரு வழி, கொயர் இல்லாத ஒரு சாதாரண புதன்கிழமை காலை பூசைக்கு, தெரியாத ஒரு கோயிலுக்கு, சும்மா உங்க கூட வர்றாளான்னு பாருங்க. பெரம்பூர் லூர்து மாதா கோயிலோ ஆர்மீனியன் தெரு அந்தோணியார் கோயிலோ, எங்கன்னாலும். அங்க அவளுக்கு மைக் இல்ல, தெரிஞ்ச மூஞ்சி இல்ல. கோயம்புத்தூர்ல முதல் ஞாயிறு அப்படித்தான் இருக்கும்.

இப்ப ஹாஸ்டலுக்கு வருவோம். ஸ்கூல் மாறினா டிசி குடுக்கறாங்க, வீடு மாறினா கேஸ் கனெக்‌ஷன மாத்தறோம், ரேஷன் கார்ட மாத்தறோம், ஆனா பதினேழு வயசு புள்ள ஒரு பங்க விட்டு இன்னொரு பங்குக்கு போறப்போ அந்த பங்குக்கு ஒரு போன் பண்ணி, எங்க புள்ள ஒண்ணு உங்க பக்கம் வருதுன்னு சொல்ற ஆளு கிடையாது. நம்ம பக்கம் வாசல் வரைக்கும் வழியனுப்பிட்டோம், அந்த பக்கம் வாங்கன்னு சொல்ல ஆளில்ல, நடுவுல புள்ள தொலைஞ்சு போச்சு. சேக்கறதுக்கு போறீங்க இல்ல, பெட்டி படுக்கையோட சேரன் எக்ஸ்பிரஸ்ல, அதுக்கு ஒரு நாள் முன்னாடியே போங்க. காலேஜ் பக்கத்துல எந்த கோயில்னு பாத்து, குடும்பத்தோட போய் பூசை பாத்துட்டு, முடிஞ்சதும் ஃபாதரையோ அங்க பாட்டு நடத்தற ஆளையோ பாத்து இவ பாடுவான்னு சொல்லிட்டு வாங்க. பஸ் நம்பர் என்ன, எத்தன மணிக்கு பூசை, தமிழ்லயா இங்கிலீஷ்லயான்னு அவளே எழுதிக்கட்டும். என் அனுபவத்துல ஒரு பங்குல ஒரே ஒரு ஆளு பேர் சொல்லி கூப்பிட்டா போதும், புள்ள நிக்கும். முதல் மூணு ஞாயிறு போகாம விட்டா நாலாவது ஞாயிறு போறதுக்கு அந்த புள்ளைக்கு ஒரு காரணம் வேணும், போனா போறதுக்கு காரணமே வேணாம், அது பழக்கம். இந்த மூணு வாரக் கணக்கு எங்கயும் படிச்சதில்ல, நா கவனிச்சது.

சில விஷயம் நம்ம பசங்களுக்கு யாரும் சொல்லித்தர்றதில்ல, திருச்சபை சட்டமாவே இருக்கு. ஞாயிறு பூசை பாக்கற கடமைய சனிக்கிழமை சாயந்திர பூசையிலயும் நிறைவேத்தலாம். எந்த கத்தோலிக்க வழிபாட்டு முறையில பூசை நடந்தாலும் அது செல்லும், அதாவது சீரோ மலபார் (கேரள கத்தோலிக்கங்க முறை) கோயிலுக்கு போனாலும் கணக்கு சரி. கோயம்புத்தூர்ல இது முக்கியம், ஏன்னா அங்க லத்தீன் முறை (நம்ம முறை) மறைமாவட்டம் இருக்கு, 2010ல ஆரம்பிச்ச சீரோ மலபார் மறைமாவட்டமும் ஒண்ணு இருக்கு, பேரு ராமநாதபுரம், நம்ம சேதுபதி ராமநாதபுரம் இல்லைங்க, கோயம்புத்தூர்லயே அந்த பேர்ல ஒரு ஏரியா. மலையாளத்துல நடக்குதுன்னு ஒரு பையன் திரும்பி வந்துட்டான், நம்ம கோயில் இல்லபோலன்னு, அப்படி மூணு மாசம் பூசை இல்லாம இருந்தான். சிஎஸ்ஐ (புராட்டஸ்டண்ட் சபை) ஃப்ரெண்டு கூட அவங்க ஆராதனைக்கு போனா பாவமான்னு கேப்பாங்க, பாவம் இல்ல, தாராளமா கூட போகலாம், ஆனா அது ஞாயிறு பூசைக்கு பதில் ஆகாது. அப்புறம் ரொம்ப நாள் விட்டுட்டு பாவசங்கீர்த்தனத்துக்கு (ஃபாதர்கிட்ட பாவத்த சொல்லி மன்னிப்பு கேக்கறது) போனா ஃபாதர் திட்டுவாரோ, நம்ம ஊர் ஃபாதர்கிட்ட போட்டுக்குடுத்துடுவாரோன்னு ஒரு பயம், சிரிக்காதீங்க, நெசமாவே கேட்டிருக்காங்க. அங்க சொன்னத உயிரே போனாலும் வெளிய சொல்லக்கூடாது, சொன்னா அந்த ஃபாதருக்கு சபை விலக்கம். இத புள்ள கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தரம் சாப்பிடறப்போ பேச்சுவாக்குல சொல்லிடுங்க.

அப்புறம் ஆகஸ்ட் 29, வேளாங்கண்ணி மாதா திருவிழா ஆரம்பிக்கற நாள். நம்ம தெருவுல காவி கட்டிக்கிட்டு பெசன்ட் நகருக்கு நடக்கறவங்க, வேளாங்கண்ணிக்கே நடக்கறவங்க, கொடியேத்தம், செப்டம்பர் 8 வரைக்கும் ஊரே வேற மாதிரி இருக்கும். முதல் வருஷ காலேஜ் அப்பதான் சூடு பிடிச்சிருக்கும், புள்ளைங்க வீட்ட நினைச்சு அழறதும் அந்த நேரத்துலதான். அவ பிறந்தநாள விட மாதா பிறந்தநாளுக்கு போன் பண்ணுங்க, வீடியோ கால்ல தேர காட்டுங்க. அறிவுரை வேணாம், சும்மா காட்டுங்க.

போன் விஷயம்னதும் என் சொந்த கதைய சொல்லியே ஆகணும். என் பெரியவன் மதுரைப் பக்கம் படிச்சான். ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணிக்கு நா போன் பண்ணி முதல் கேள்வியே பூசைக்கு போனியாதான். போனேன்பா. என்ன வாசகம். மொபைல்ல அன்னிக்கு வாசகத்த பாத்து ஒப்பிப்பான், நா சந்தோஷப்படுவேன். ரெண்டாவது வருஷ கடைசியிலதான் தெரிஞ்சுது, அவன் கோயில் பக்கமே போகல. நாலு நாள் நா அவன்கிட்ட பேசல. என் வீட்டுக்காரி ராயபுரத்துக்காரி, ராயப்பர் (இயேசுவோட சீடர் பேதுரு) கோயில் இருக்கறதாலதான் அந்த ஊருக்கே அந்த பேருன்னு பெருமையா சொல்லிக்கறவ, அவதான் சொன்னா, ராயப்பரே மூணு தரம் இயேசுவ தெரியாதுன்னு சொன்னாரு, சேவல் கூவினப்போ அவரா அழுதாரு, நீங்க ஏன் சேவலுக்கு முன்னாடி கூவறீங்கன்னு. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. யோசிச்சு பாத்தா அவனுக்கு பொய் சொல்ல பழக்கினது நாந்தான், அதுவும் பூசை பேர்ல. அதுக்கப்புறம் கேக்கறத விட்டுட்டேன். பதிலுக்கு எங்க பூசையில என்ன நடந்துச்சு, ஃபாதர் பிரசங்கத்துல என்ன உளறினாரு, யாருக்கு உடம்பு சரியில்ல, உனக்கு எதுக்காக வேண்டிக்கணும் சொல்லுன்னு, இத மட்டும் பேசினேன். மூணு வருஷம் கழிச்சு ஒருநாள் அவனே சொன்னான், இன்டர்வியூ இருக்குபா வேண்டிக்கன்னு. இப்ப அவன் மாசத்துக்கு ஒரு பூசையோ ரெண்டு பூசையோ பாக்கறான். முழுசா வந்துட்டான்னு சொல்லமாட்டேன், ஆனா பொய் சொல்றதில்ல, எனக்கு அது போதும்னு இருக்கு இப்போதைக்கு.

கேள்வியில இல்லன்னாலும் இத படிக்கற மத்தவங்களுக்காக ஒண்ணு சொல்லணும். ஹாஸ்டலுக்கு போற பசங்கள பத்திதான் எல்லாரும் கவலப்படறாங்க, வீட்லயே இருக்கற பசங்கதான் எனக்கு தெரிஞ்சு அதிகமா நழுவறாங்க. காலையில ஆறு மணிக்கு காலேஜ் பஸ் புடிச்சு ஸ்ரீபெரும்புதூரோ கேளம்பாக்கமோ போயிட்டு ராத்திரி ஏழரைக்கு வர்ற புள்ளைக்கு ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் தூங்கற நாள், அன்னிக்கு ஆறு மணி பூசைக்கு எழுப்பி, எழுந்திரிக்கலன்னா விசுவாசம் போச்சுன்னு கத்தறோம். சாயந்திர பூசைக்கு போகட்டுமே. ஐடிஐ முடிச்சுட்டு கன்டெய்னர் யார்டுல ஷிப்ட் பாக்கறவன், சாப்பாடு டெலிவரி பண்றவன், அவனுக்கு ஞாயிறு மத்தியானம்தான் நாலு காசு. இந்த பசங்களுக்குன்னு பங்குல எந்த கூட்டமும் கிடையாது, இளையோர் கூட்டம்னா காலேஜ் பசங்க, அதுவும் ஞாயிறு பதினோரு மணிக்கு வச்சா எவன் வருவான். வியாசர்பாடி பக்கம் ஒரு வாத்தியார் எனக்கு தெரியும், கூட்டத்தயே ராத்திரி ஃபுட்பால் முடிஞ்சப்புறம் கிரவுண்ட்ல வச்சாரு, பத்து நிமிஷம் ஒரு நற்செய்தி வாசகம், ஒரு கேள்வி, டீ. சாமி கூட்டம்னு சொன்னா வராத பசங்க டீக்கு வந்தாங்க, அப்புறம் கேள்விக்கு வந்தாங்க. வியாசர்பாடியில ஃபுட்பால்னா என்னன்னு தெரிஞ்சவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்காது.

ஹாஸ்டல்ல உங்க பொண்ணுக்கு இன்னொன்னு வரும், ஜெபக்குழு. பெந்தெகொஸ்தே பிள்ளைங்க, மத்த சபை பிள்ளைங்க, ராத்திரி எட்டு மணிக்கு ரூம்ல கூடி கிட்டாரோட பாடுவாங்க, புதுசா வந்தவங்கள தேடிப்போய் கூப்பிடுவாங்க, ஜுரம்னா கஞ்சி வச்சு குடுப்பாங்க. அவங்கள குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் மாணவி ஒருத்தி அங்கயே போயிட்டா, ஏம்மான்னு கேட்டேன், அவங்க கூப்பிட்டாங்க சார், நம்மாளு யாரும் கூப்பிடலன்னா. அதுக்கு நா என்ன பதில் சொல்றது. ஆனா அங்க போனா சீக்கிரமே கேள்வி வரும், மாதாவ ஏன் கும்பிடறீங்க, சிலை ஏன், மனுஷன்கிட்ட ஏன் பாவத்த சொல்றீங்கன்னு, பைபிள் வசனத்தோட வரும். நம்ம புள்ளைக்கு பதில் தெரியாது, ஏன்னா நாங்க பதில மனப்பாடம் பண்ண வச்சோமே ஒழிய கேள்விய கேக்கவே விடல. இந்த மூணு கேள்வியயும் கிளம்பறதுக்கு முன்னாடி நீங்களே அவகிட்ட கேளுங்க, தப்பா சொன்னா பரவால்ல, உங்களுக்கும் தெரியலன்னா ரெண்டு பேரும் சேந்து ஃபாதர்கிட்ட போய் கேளுங்க. அம்மாவுக்கும் தெரியாது அம்மாவும் போய் கேக்குதுங்கறத அவ பாக்கட்டும்.

எழுதலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருந்த விஷயத்தயும் எழுதிடறேன். வடசென்னையில சில பசங்க நழுவறதுக்கு காரணம் சாதி சர்டிபிகேட்டு. 1950ல வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி சலுகை இந்துக்களுக்கு மட்டும்னு ஆச்சு, 1956ல சீக்கியர்களையும் 1990ல பௌத்தர்களையும் சேத்தாங்க, கிறிஸ்தவங்கள இன்னிவரைக்கும் சேக்கல. மதம் மாறின ஆதிதிராவிடர்னா நம்ம மாநிலத்துல பிசி. அதனால ஒரே வீட்ல அண்ணன் காகிதத்துல ஒண்ணு தங்கச்சி காகிதத்துல ஒண்ணுன்னு இருக்கும், ஞானஸ்நானத்துல ஒரு பேரு ஸ்கூல் சர்டிபிகேட்ல ஒரு பேரு இருக்கும். பத்து வருஷம் பீடத்துல பூசைக்கு உதவின பையன், காலேஜ் அப்ளிகேஷன் போடறப்போ மதம்ங்கற கட்டத்துக்கு முன்னாடி பேனாவ வச்சிக்கிட்டு என்ன பாத்தான், சார் நா யாருன்னு கேட்டான். நா சட்டம் சொல்ற ஆளு இல்ல, தப்பான காகிதம் குடுக்க சொல்லவும் மாட்டேன். கோயிலுக்குள்ளயே சாதி பாக்கறத கண்ணால பாத்துட்டு, வெளிய வந்தா சலுகையும் இல்லன்னு தெரியறப்போ அந்த வயசுல வர்ற கோவம் நியாயமானது. அத நம்பிக்கையில்லாம பேசறான்னு நாம அடக்கிட்டா அவன் போயிடுவான், போனவங்கள எனக்கு தெரியும். உக்காந்து கேக்கணும், நமக்கு பதில் இல்லாட்டியும்.

இனிமே சொல்றதெல்லாம் எனக்கே சந்தேகமான விஷயங்க. கத்தோலிக்க காலேஜ்ல சேத்தா பத்திரம்னு நிறைய பேர் நம்பறாங்க. லயோலாவுல படிச்சு உறுதியா நிக்கறவனும் எனக்கு தெரியும், அதே காலேஜ்ல மூணு வருஷம் சேப்பல் எந்த பக்கம்னே பாக்காதவனும் தெரியும். சாமியே இல்லாத காலேஜ்ல தனியா நின்னதாலயே உறுதியானவங்களும் இருக்காங்க, அதனால இதுல எந்த பக்கமும் பேசமாட்டேன். தியானத்துக்கு (சில நாள் தங்கி நடக்கற ஜெப முகாம்) அனுப்பினா சரியாயிடும்ங்கறதும் அப்படித்தான், அஞ்சு நாள் அழுது தொழுது வர்ற பசங்க ரெண்டு மாசம் சூடா இருப்பாங்க, திரும்பி வந்த இடத்துல நாலு பேர் துணைக்கு இருந்தா அந்த சூடு நிக்கும், இல்லாட்டி முன்ன இருந்தத விட ஜாஸ்தியா ஆறிடும். தினமும் வாட்ஸப்ல வசனம் அனுப்பறது, அனுப்பறவங்களுக்கு திருப்தி, படிக்கறாங்களான்னு ப்ளூ டிக்க நம்பாதீங்க. ஐக்கஃப்னு கத்தோலிக்க மாணவர் இயக்கம் ஒண்ணு இருக்கு, 1924ல ஆரம்பிச்சது, தலைமை ஆபீஸ் நம்ம ஸ்டெர்லிங் ரோட்லயே இருக்கு, நல்ல இயக்கம், சமூகத்த பத்தி யோசிக்க வைக்கும், ஆனா உங்க பொண்ணு சேர்ற காலேஜ்ல கிளை இருக்கணும், தனியார் இன்ஜினியரிங் காலேஜ்னா அநேகமா இருக்காது.

இன்னொன்ன சொன்னா பங்குல என்ன கிண்டல் பண்ணுவாங்க. வின்சென்ட் தே பால் சபைன்னா நம்ம ஊர்ல ரிட்டயர்டு ஆளுங்க அரிசி பருப்பு குடுக்கற சபை, நானும் அதுல இருக்கேன். அத 1833ல பாரிஸ்ல ஆரம்பிச்ச பிரடெரிக் ஓசானாமுக்கு அப்ப வயசு 20, கூட இருந்த கூட்டமும் காலேஜ் பசங்கதான். உங்க திருச்சபை பழங்கதை பேசுதே, இப்ப என்ன பண்ணுதுன்னு கூட படிச்சவங்க மடக்கினப்போ, வாதாடறத நிறுத்திட்டு தங்களோட விறகுல கொஞ்சத்த தூக்கிட்டு ஒரு ஏழை வீட்டுக்கு போனாங்க, அப்படித்தான் சபை பொறந்துச்சு. பியேர் ஜார்ஜியோ ஃப்ரஸ்ஸாத்தின்னு இத்தாலி பையன், மலையேறுவான், சுரங்க இன்ஜினியரிங் படிச்சான், அவனும் இந்த சபைக்காரன்தான், 1925ல 24 வயசுல செத்தான், 2025 செப்டம்பர்ல புனிதரா அறிவிச்சாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை உங்க பங்கு சபை ஆளுங்க கூட உங்க பொண்ண வீடு சந்திக்க அனுப்பி பாருங்க, குடிசை வீட்ல தனியா இருக்கற ஒரு பாட்டி அவ கைய புடிச்சு பேசினா அது கொயர விட ஆழமா இறங்கும்னு எனக்கு தோணுது. தோணுதுன்னுதான் சொல்றேன், பரிசோதிச்சு பாத்த அளவு கம்மி, ஒரு ஏழெட்டு பசங்க.

நா சொன்னதெல்லாம் நம்ம பக்கம் ஒரு பங்குல இருந்து பாத்தது. வெளிநாட்டுக்கு படிக்க போன பசங்க, வீட்லயே அப்பா குடிச்சுட்டு அடிக்கற பசங்க, கோயில் ஆளு ஒருத்தரால காயப்பட்ட பசங்க, இவங்களுக்கு இந்த யோசனைங்க பத்தாது, அங்க முதல்ல அவங்கள நம்பணும், தேவைப்பட்டா நல்ல ஆலோசகர் கிட்ட கூட்டிட்டு போகணும். போனவங்க திரும்பி வர்றதும் உண்டு, கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கணும்னு (கல்யாண அறிவிப்ப கோயில்ல படிக்கறது) ஞானஸ்நான சர்டிபிகேட்டு வாங்க வருவாங்க, ஆபீஸ் ரூம் வாசல்ல செருப்ப கழட்டிட்டு கூச்சத்தோட நிப்பாங்க. என்னப்பா இத்தன வருஷமா ஆளையே காணோம்னு அப்ப கேக்கறவங்க இருக்காங்க பாருங்க, அவங்க வாய பொத்தணும். வாப்பா, அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டா போதாதா.

அம்மா, காலேஜ் கோயம்புத்தூர்ல எந்த பக்கம்னு மட்டும் கீழ எழுதுங்க, அவிநாசி ரோடா, பொள்ளாச்சி ரோடா, பாலக்காடு பக்கமா. அந்த ஊர்ல வேலை பாக்கற என் பழைய மாணவங்க நாலஞ்சு பேர் இருக்காங்க, பக்கத்துல எந்த கோயில்ல சாயந்திர தமிழ் பூசை, கொயர் இருக்கா, ஹாஸ்டல் கேட் மூடறதுக்குள்ள திரும்பி வர பஸ் இருக்கான்னு விசாரிச்சு இங்கயே சொல்றேன். கேட் மூடற நேரத்த நீங்க வார்டன்கிட்ட கேட்டு வச்சிக்கங்க, நிறைய ஹாஸ்டல்ல பொண்ணுங்களுக்கு ஆறரை மணிதான்.